எரியூட்டும் முன்: பேஸ்மேக்கரின் இரண்டாம் வாழ்வும் பெண்களும்

இறந்தவரின் மார்பில் பேஸ்மேக்கர் இருந்தால் எரியூட்டும் முன் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வெடிக்கும். மூடிய உலோகக் கூட்டுக்குள் இருக்கும் பேட்டரி உலையின் சூட்டில் விரிந்து கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். 1976இல் இங்கிலாந்தின் சாலிஹல் நகரத்து எரிமேடையில் நடந்த வெடிப்புதான் மருத்துவ ஏடுகளில் பதிவான முதல் நிகழ்வு. பிரிட்டனின் எரிமேடை ஊழியர்களிடம் கேட்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர் தாங்களும் அப்படியொரு வெடிப்பைக் கண்டதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே எரியூட்டும் படிவத்திலேயே இதற்கான கேள்வி உண்டு. நம் ஊர்களில் மின்மயானத்தில் சிலர் கேட்கிறார்கள், பலர் கேட்பதில்லை. புதைக்கிற சமூகங்களில் கேள்வியே எழுவதில்லை. கருவி உடலோடு மண்ணுக்குள் போய்விடுகிறது.

எடுத்த பிறகு அது என்ன ஆகிறது? தீப்பெட்டியைவிடத் தட்டையான, விளிம்புகள் வழவழப்பான ஒரு டைட்டானியப் பெட்டி. கையில் வைத்தால் கனமே தெரியாது. உள்ளே இன்னும் பல ஆண்டுகள் ஓடக்கூடிய பேட்டரி இருக்கலாம். யாருடைய இதயமும் இல்லாமலேயே அது துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் மருத்துவக் கழிவோடு போகும், அல்லது ஏதோ ஒரு வீட்டின் மேசை இழுப்பறையில் கிடக்கும். சில சமயம், மிகச் சில சமயம், இன்னொருவரின் மார்புக்குள் போகும்.

இந்த மூன்றாவது வழியின் வரலாற்றைத் தேடித்தான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இந்தக் கருவி உருவான கதையிலும், அது ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குப் போகிற கதையிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் கதையில் ‘மனைவி’ என்ற சொல்லுக்குள்ளும், இரண்டாவதில் ‘குடும்பத்தார்’ என்ற சொல்லுக்குள்ளும் இருக்கிறார்கள்.

முதல் கதை ஸ்டாக்ஹோமில் நடக்கிறது. 1958. ஆர்னே லார்சன் என்பவருக்கு 43 வயது. ஒரு தொற்றுக்குப் பிறகு அவருடைய இதயத்தின் மேல் அறைகளிலிருந்து கீழ் அறைகளுக்கு மின்துடிப்பு போகும் பாதை அடைபட்டுவிட்டது. இதயம் திடீரென நின்றுபோகும். அவர் மயங்கி விழுவார். உலுக்கி, தட்டி, உயிர்ப்பிக்க வேண்டும். இப்படி ஒரு நாளில் 20, 30 முறை. இந்த மயக்கத்துக்கு ஸ்டோக்ஸ், ஆடம்ஸ் என்ற இரண்டு அயர்லாந்து மருத்துவர்களின் பெயர் இருக்கிறது. அந்த மயக்கத்துக்குக் காவல் இருந்தவர்களுக்கு எந்த மருத்துவ நூலிலும் பெயர் இல்லை.

அவருடைய மனைவி எல்சே-மேரி லார்சன். கரோலின்ஸ்கா மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஓகே செனிங்கும், எலெமா-ஷோனாண்டர் நிறுவனத்தின் பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்டும் உடலுக்குள் வைக்கக்கூடிய ஒரு துடிப்புக் கருவியை விலங்குகளிடம் சோதித்து வருவதைப் பத்திரிகையில் படித்திருந்தார். நேரே போய் நின்றார். மனிதருக்கு வைக்கும்படியான கருவி எதுவும் எங்களிடம் இல்லை என்றார்கள். அப்படியானால் செய்யுங்கள் என்றார். மருத்துவமனைக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒரே நாளில் பலமுறை நடந்தார். ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடாதபடி இருவரையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டார். எல்ம்குவிஸ்ட் டிரான்சிஸ்டர்களையும் பேட்டரியையும் ஒரு கிவி ஷூ பாலிஷ் டப்பாவில் வைத்து எபாக்சி பிசினை ஊற்றி வார்த்தார். அக்டோபர் 8ஆம் நாள் மாலை, ஆள் நடமாட்டம் அடங்கிய பின், யாருக்கும் சொல்லாமல் அறுவை நடந்தது. முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. கைவசம் இருந்த இரண்டாவதை வைத்தார்கள். அதுவும் நீடிக்கவில்லை. ஆனால் ஆர்னே பிழைத்துக்கொண்டார். 2001 டிசம்பரில், 86 வயதில், புற்றுநோயால் இறந்தார். அதற்குள் அவர் உடலில் மாறி மாறி இருந்த கருவிகள் 26 என்று கணக்கு. மருத்துவரும் பொறியாளரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

செனிங் பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்தபோது தன் ஆய்வகத்துக்குள் வந்த பெண்மணி சுறுசுறுப்பானவர், அழகானவர் என்று சொல்லத் தவறவில்லை. எல்ம்குவிஸ்டின் தோற்றத்தைப் பற்றி யாரும் எதுவும் எழுதியதாக நான் பார்க்கவில்லை. எல்சே-மேரியின் பங்கு மறைக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் அவரைச் சொல்கிறார்கள். சொல்கிற விதத்தில்தான் எனக்குச் சிக்கல். அது ‘மனைவியின் அன்பு’ என்று சுருங்கிவிடுகிறது. அவர் செய்தது வேறு. ஒரு நோயின் போக்கை வேறு யாரையும்விட நுணுக்கமாக அறிந்திருந்தார். தேவை எவ்வளவு அவசரமானது என்பதைத் தீர்மானித்தார். இரண்டு நிறுவனங்களை ஒரு காலக்கெடுவுக்குள் வேலை வாங்கினார். இதையே ஓர் ஆண் செய்திருந்தால் திட்டத்தின் நிர்வாகி என்று எழுதியிருப்பார்கள்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வில்சன் கிரேட்பேட்ச் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் பேஸ்மேக்கர் செய்துகொண்டிருந்தார். கையில் 2000 டாலர் சேமிப்பு. வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகளில் 50 கருவிகளைக் கையாலேயே செய்து முடித்தார். இது எல்லா இடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. டிரான்சிஸ்டர்களைச் சூட்டில் வைத்துப் பழக்கும் இரண்டு அடுப்புகள் அவர்களுடைய படுக்கையறையில் இருந்தன என்பதும், சோதனைகளில் பெரும்பகுதியை அவருடைய மனைவி எலினோர்தான் செய்தார் என்பதும் அவரே தன் நூலில் எழுதியிருக்கிறார். மரப் பென்சிலால் டிரான்சிஸ்டரைத் தட்டிக்கொண்டே அதன் அளவு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால் தள்ளுபடி. ஒரு மனித மார்புக்குள் போகப் போகிற பொருளுக்குக் கடைசித் தரச்சான்று படுக்கையறையில், பென்சில் முனையில் கொடுக்கப்பட்டது. சம்பளப் பட்டியலில் ஏறாத வேலை. கிரேட்பேட்ச் நேர்மையாக எழுதியதால் நமக்குத் தெரிகிறது. எழுதாமல் விட்டவர்களின் வீடுகளில் என்ன நடந்தது என்பதை அறிய வழியில்லை.

இந்தத் தொடக்ககாலக் கருவிகளை யாரும் மறுபடி பயன்படுத்த நினைத்திருக்க முடியாது. பாதரச-துத்தநாக பேட்டரி இரண்டு ஆண்டு தாங்கினால் பெரிது. நோயாளி இருக்கும்போதே கருவி செத்துவிடும். 1970களின் தொடக்கத்தில் லித்தியம்-அயோடின் பேட்டரி வந்தது. அதற்கும் கிரேட்பேட்ச்தான் காரணம். ஆயுள் எட்டு, பத்து ஆண்டுகள் என்று நீண்டது. அதோடு கணக்கு தலைகீழானது. முதுமையில் கருவி வைத்துக்கொண்டவர்களில் பலர் பேட்டரிக்கு முன்பே இறந்தார்கள். உயிருள்ள கருவி, உயிரற்ற உடல். மறுபயன்பாடு என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது.

(இடையில் ஒரு விசித்திரமும் உண்டு. அதே பத்தாண்டில் புளூட்டோனியத்தில் ஓடும் பேஸ்மேக்கர்களும் வைக்கப்பட்டன. அவை நோயாளியையும் மருத்துவரையும் தாண்டி ஓடும். நோயாளி இறந்ததும் அவற்றை எடுத்துத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் விதி. லாஸ் அலமோஸ் வரை போகும். இறந்தவரின் உடலிலிருந்து கருவியைத் தவறாமல் திரும்பப் பெற ஒரு அரசால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அணுப்பொருள் என்றால் முடிகிறது.)

இந்தியா இதில் பின்தங்கியிருக்கவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. புதுச்சேரி ஜிப்மரின் இதய மருத்துவர் ஜே.பாலச்சந்தர், இறந்தவர்களிடமிருந்து பெற்றுச் சீர்செய்த பேஸ்மேக்கர்களை 140 பேருக்கு வைத்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்து, 1989இல் ‘இந்தியன் ஹார்ட் ஜர்னல்’ இதழில் எழுதினார். 1993இல் கல்கத்தாவிலிருந்தும் 2004இல் சண்டிகரிலிருந்தும் இதே பொருளில் கட்டுரைகள் வந்தன. பின்னர் அமெரிக்காவின் ஈமச்சடங்கு இல்லங்கள் எடுத்துக்கொடுத்த கருவிகள் மும்பை ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு வந்து 53 ஏழை நோயாளிகளுக்கு வைக்கப்பட்டன. தொற்றும் இல்லை, கருவிப் பழுதும் இல்லை என்று அந்த ஆய்வு சொன்னது. எல்சே-மேரியின் சொந்த நாட்டிலும் செய்தார்கள். சிசிலியா லிண்டே என்ற இதய மருத்துவரை முதல் ஆசிரியராகக் கொண்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை, மறுபயன்பாட்டுக் கருவி பெற்ற 100 பேரைப் புதுக்கருவி பெற்ற 100 பேரோடு ஒப்பிட்டு, பாதுகாப்பில் வேறுபாடு இல்லை என்றது. ஆக, இது ஏழைநாட்டுக் கைவைத்தியம் மட்டும் அல்ல.

வேலையும் மந்திரமல்ல. காறை எலும்புக்குக் கீழே சிறிதாகக் கீறி, கம்பிகளை வெட்டி, பெட்டியை எடுப்பார்கள். அதிர்ச்சி கொடுக்கும் வகைக் கருவியென்றால் முதலில் அணைக்க வேண்டும். இல்லையேல் எடுப்பவருக்கு அடிக்கும். கழுவி, பேட்டரியை அளந்து, பழைய நோயாளியின் தரவுகளை அழித்து, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்குவார்கள். நீராவியில் வைத்தால் மின்பாகங்கள் கெட்டுவிடும். கம்பிகள் மட்டும் புதிதாக வேண்டும். அவை இதயத்தசையில் ஒட்டி வளர்ந்துவிடுவதால் எடுத்து மறுபடி பயன்படாது. எடுக்கப்படும் கருவிகளில் பெரும்பகுதி பேட்டரிச் சோதனையிலேயே கழிந்துவிடும். தேறுகிற கொஞ்சத்துக்காகத்தான் இவ்வளவும்.

இந்தக் கட்டுரைகளிலெல்லாம் நான் திரும்பத் திரும்பத் தேடியது ஒரே இடத்தை: கருவியை எடுக்க அனுமதித்தது யார்? ‘குடும்பத்தாரின் சம்மதத்துடன்’ என்ற சொற்றொடர் வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பேஸ்மேக்கர் வைத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். மனைவியர் கணவரைவிட இளையவர்களாகவும் அதிக ஆயுள் உள்ளவர்களாகவும் இருப்பதால், இறந்தவர் ஆண் என்றால் அந்தக் ‘குடும்பத்தார்’ பல நேரம் ஒரு விதவை. ஆண்டுக்கணக்கில் அவர் மாத்திரை எடுத்துக் கொடுத்து, நாடி பிடித்துப் பார்த்து, கருவிப் பரிசோதனைக்குத் தேதி நினைவூட்டியிருப்பார். அமெரிக்காவிலாவது அவர் பேரில் ஒரு கையெழுத்து இருக்கும். நம் ஊரில்?

என் பெரியம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். டெல்டாவில் ஒரு சின்ன ஊர். அவருக்குச் சில ஆண்டுகளாகவே மயக்கம் வந்துகொண்டிருந்தது. பித்தம் என்றார்கள். விரதம் இருந்து இருந்து உடம்பு வற்றிவிட்டது என்றார்கள். தூரம் நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்றார் ஒரு மருத்துவர். ஒரு முறை கொல்லையில் விழுந்து நெற்றி பிளந்த பிறகுதான் ஈசிஜி எடுத்தார்கள், இதய அடைப்பு. ஆண் மயங்கி விழுந்தால் மாரடைப்பா என்று ஓடுகிறோம். பெண் விழுந்தால் சோடா வாங்கி வரச் சொல்கிறோம். 2009இல் அவருடைய சங்கிலியையும் வளையல்களையும் அடகு வைத்துத் தனியார் மருத்துவமனையில் கருவி வைத்தோம். பெரியப்பாவுக்கு முன்பு பைபாஸ் செய்தபோதும் அடகுக்குப் போனது அதே வளையல்கள்தான்.

கருவி வைத்த பின் அவருக்கு ரவிக்கையின் தோள்பட்டை அந்த மேட்டில் வந்து உரசியது. உள்ளாடைப் பட்டையும் அங்கேதான் அழுத்தும். மருத்துவர் எதற்கும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. அந்த இடம் எல்லோருக்கும் ஒரே இடம்தான், சட்டை போடுகிறவருக்கு அது தொந்தரவில்லை. ஊர்த் தையல்கார அக்காதான் கழுத்தை அகட்டி, பட்டையை நகர்த்தி, உள்ளே பழைய பருத்தித்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். இளம்பெண்களுக்குச் சில மருத்துவர்கள் மார்பின் அடியில் மறைத்து வைப்பதுண்டு. அது அழகுக்காக என்று சொல்லப்படும். நம் ஊரில் அது பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் தழும்பு படக்கூடாது என்பதற்காகவும்தான். பிறவியிலேயே இதய அடைப்போடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. தாயின் ரத்தத்தில் இருக்கும் சில எதிர்ப்புப் புரதங்கள் அதற்கு ஒரு காரணம். அப்படிப் பிறந்த பெண் குழந்தையின் கருவிக்கு எத்தனை பேட்டரி மாற்ற வேண்டும் என்பதைவிட, அதை எத்தனை பேரிடம் மறைக்க வேண்டும் என்பதே வீட்டின் கவலையாக இருக்கும்.

பெரியம்மா அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவார். “இதைச் சுட்டுக் கரியாக்கிடாதீங்கடி. எனக்கு அப்புறம் யாருக்காச்சும் உதவும்னா எடுத்துக் குடுத்துடுங்க” என்று அம்மாவிடமும் என்னிடமும் தன் மகளிடமும் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருக்கு அது பெரிய தத்துவம் இல்லை. பிறந்த குழந்தைக்கு முதலில் இன்னொரு குழந்தை போட்ட பழைய சட்டையைத்தான் போடுவார்கள். பெரியம்மா தன் பேரன் சட்டையைத் தெருவில் நான்கு வீட்டுக்குக் கொடுத்தவர். யார் வீட்டில் தண்ணீர்ப் படுக்கை இருக்கிறது, யார் வீட்டு வாக்கர் சும்மா நிற்கிறது, பக்கவாதத்தில் போன வாத்தியாரின் சக்கர நாற்காலி இப்போது எந்தத் தெருவில் ஓடுகிறது என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். எந்தப் பதிவேடும் இல்லாத ஒரு வாடகையில்லாக் கடை அது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பராமரிப்பு இயக்கம் இப்படியான அக்கம்பக்கத்து உதவியை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தது. எங்கள் பக்கம் அது பெண்களின் ஞாபகத்திலேயே நின்றுவிட்டது.

2012இல் பெரியம்மா பக்கவாதத்தில் இறந்தார். கருவிக்கு வயது மூன்றுதான். உள்ளே பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். வெளியே ஷாமியானாவில் ஆண்கள் நேரம் குறித்துக்கொண்டிருந்தார்கள். வெடிக்கும் என்று யாரோ சொன்னதால் ஒரு கம்பவுண்டரை அழைத்துவந்தார்கள். அவர் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு எடுத்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு அண்ணன் கையில் கொடுத்தார். நாங்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. மறுநாள் சஞ்சயனம் முடிந்து பூம்புகாரிலிருந்து திரும்பியபோது அக்கா கேட்டாள். “அம்மா உடம்புல இருந்தது, அம்மாவோடயே போகட்டும்னு சாம்பலோட கரைச்சிட்டோம்” என்றார் அண்ணன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாசத்தில் செய்ததுதான். அம்மா என்ன சொல்லியிருந்தாள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதா வேண்டாமா என்பதைச் சடங்கு உரிமைப் பிரச்சினையாகவே பேசி வந்திருக்கிறோம். கொள்ளி வைக்கும் உரிமை, மொட்டை, கர்மம். அதற்கு இப்படியொரு பொருளாதார, மருத்துவப் பக்கமும் இருக்கிறது. இறந்தவரின் உடல் மீதான முடிவு ஷாமியானாவில் எடுக்கப்படும்வரை, ‘குடும்பத்தாரின் சம்மதம்’ என்பது ஆண்களின் சம்மதம்தான். கண்தானம் செய்ய எழுதிக்கொடுத்த பெண்களின் கண்கள் எத்தனை இப்படி எரிந்தன என்று கண்மருத்துவர்கள் யாராவது எழுத வேண்டும்.

கருவியைப் பெறுகிற பக்கத்திலும் இதே கேள்வி உண்டு. மறுபயன்பாட்டுக் கருவி வைக்கிறோம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லப்படுமா? வாழ்நாள் முழுக்கத் தன் மருத்துவப் படிவத்தில் கணவனோ மகனோ கையெழுத்திடுவதைப் பார்த்தவளிடம் இறந்தவர் ஒருவரின் பொருள் தன் உடலுக்குள் வரப்போகிறது என்பதை யார் உட்கார்ந்து விளக்குவார்கள்? இறந்தவர் உடுத்தியதைத் தொடுவதற்கே தீட்டுப் பார்க்கும் வீடுகள் உண்டு. இறந்த சுமங்கலியின் புடவையைக் கேட்டு வாங்கி உடுத்தும் வீடுகளும் உண்டு. எந்த வீட்டிலிருந்து வருகிறாள் என்பதைக் கேட்காமல் பதிலை ஊகிக்கக் கூடாது. அவள் வேண்டாம் என்றாலும் அதை அறியாமை என்று எழுதிவிடக் கூடாது.

இதில் இன்னொரு முள் இருக்கிறது. பேஸ்மேக்கர் ‘ஒருமுறை பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று முத்திரையிட்டு விற்கப்படுகிறது. அமெரிக்காவின் எஃப்டிஏ மறுபயன்பாட்டை ஏற்பதில்லை. ஐரோப்பாவிலும் இப்போது வழியில்லை. தன் நாட்டுக் குடிமகளுக்கு வைக்கக்கூடாத பொருளை வேறு நாட்டுக்காரிக்கு வைக்கலாமா? ஏழைகளின் உடலைக் கழிவுத்தொட்டி ஆக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டைப் பெண்ணியவாதிகள் எளிதில் தள்ளிவிட முடியாது. கருத்தடைச் சாதனங்களின் வரலாறு நமக்குத் தெரியும். டால்கன் ஷீல்டு அமெரிக்காவில் விற்பனையிலிருந்து விலக்கப்படுவதற்கு முன்பே கிருமி நீக்கப்படாத மொத்தப் பொதிகளாக ஏழை நாடுகளுக்கு வந்தது. ஆகவே சந்தேகப்படுவது நம் உரிமை.

ஆனால் சந்தேகத்தை ஆதாரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். டால்கன் ஷீல்டை அனுப்பியவர்கள் விளைவைக் கணக்கெடுக்கவில்லை. இங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள். மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசு, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் நாடுகளில் கனடாவிலிருந்து போன மறுபயன்பாட்டுக் கருவிகளைப் பெற்ற 1051 பேரை, புதுக்கருவி பெற்ற 3153 கனடா நாட்டினரோடு ஒப்பிட்ட ஆய்வு 2020இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. இரண்டு ஆண்டுக்குள் தொற்று ஏற்பட்டவர்கள் முதல் பிரிவில் 2 சதவீதம், இரண்டாவதில் 1.2 சதவீதம், மற்ற காரணிகளைச் சரிசெய்தபின் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ‘மை ஹார்ட் யுவர் ஹார்ட்’ குழு ஏழு நாடுகளில் ஏறக்குறைய 300 பேரிடம் குலுக்கல் முறையில் நடத்திய சோதனையின் முடிவை 2024 நவம்பரில் அறிவித்தது. அதுவும் இதையே சொன்னது.

இந்த ஆதாரங்களைப் பார்த்த பிறகும் சட்டம் ஏன் மாறவில்லை என்றால், பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லத் தயாராக இல்லை. கருவி பழுதானால் முதலில் செய்த நிறுவனமா, கிருமி நீக்கிய குழுவா, வைத்த மருத்துவரா? நிறுவனங்களுக்குப் புதுக்கருவி விற்பதில் ஆதாயம் இருக்கிறது, பழையதற்குப் பொறுப்பேற்பதில் எதுவும் இல்லை. இதயம் நின்று நின்று துடிக்கும் ஒருத்தி இந்த வழக்கு முடியும்வரை காத்திருக்க முடியாது. அவளுக்கு இந்தக் கருவி கிடைக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதைத் தர்மம் என்று சொல்லி, புதுக்கருவி ஏன் அவளுக்கு எட்டாத விலையில் இருக்கிறது என்ற கேள்வியை மூடிவிடுவதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன்.

தமிழ்நாட்டில் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தபின், அட்டை உள்ள ஏழைக் குடும்பத்துக்குப் புதுப் பேஸ்மேக்கரே காப்பீட்டில் கிடைக்கிறது. பெரியம்மாவின் வளையல்கள் இன்று அடகுக்குப் போக வேண்டியிருக்காது. இது நல்லெண்ணத்தால் வந்ததல்ல. அரசு பணம் கட்டுவதால் வந்தது. ஆகவே எங்கள் மாநிலத்தில் இப்போது கேள்வி பெறுவதைப் பற்றியதைவிடக் கொடுப்பதைப் பற்றியது. கண்தானத்துக்கு ஊரறிந்த வழி இருக்கிறது. 2008இலிருந்து மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்கு அரசாணைகளும் வரிசைப் பட்டியலும் உண்டு. கருவிக்கு அப்படி எதுவும் இல்லை. மின்மயான வாசலில் எடுக்கப்படும் பெட்டி, எடுத்தவர் நினைத்த இடத்துக்குப் போகிறது.

என் அம்மாவுக்கு 2019இல் கருவி வைத்தார்கள், காப்பீட்டில்தான். பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள அட்டை கொடுப்பார்கள்: நிறுவனம், மாதிரி எண், வைத்த தேதி, மருத்துவரின் பெயர். அம்மா அதைத் தன் சுருக்குப்பையில் ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறாள். சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது அதற்குப் பின்னால் ஒரு தாளை ஒட்டி என்னை எழுதச் சொன்னாள். எரிப்பதற்கு முன் எடுக்க வேண்டும், எடுத்ததை மூத்த மகள் கையில் கொடுக்க வேண்டும், மகள் வந்துசேரும் வரை உடலை எடுக்கக் கூடாது. மூன்றையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். தம்பியையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தாள். நான்காவதாக ஒரு வரி வேண்டும் என்றாள். மகள் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற முகவரி. அந்த வரியை மட்டும் இன்னும் எழுதவில்லை. தாளில் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.